சாமி எந்தப் பக்கம்?



நான் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பயிற்சிக் கல்லூரியில் சான்றிதழ் பெற்று வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பாடம் சொல்லிக் கொடுப்பதோடு, பள்ளியின் காற்பந்துக் குழுவைக் கவனிக்கும் பொறுப்பும் என் தலையில்தான். ஆண் ஆசிரியர் எவரும் முன்வராத ஓர் ஆண்டில் தலைமையாசிரியர் அதை என்னிடம் ஒப்படைத்தார். "பொம்பள டீச்சருக்குப் பந்தப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு என் அப்பாவைத் தெரியாது.

2025ஆம் ஆண்டில் தமிழ்ப்பள்ளிகளுக்கு இடையே நடந்த ஒரு போட்டிக்கு எங்கள் பிள்ளைகளை அழைத்துச் சென்றேன். புறப்படும் முன் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றி, தேங்காய் உடைத்து, எல்லாருக்கும் திருநீறு பூசிவிட்டார் பூசாரி. திடலுக்குப் போய்ப் பார்த்தால், எதிர்க் குழுப் பிள்ளைகளின் நெற்றியிலும் அதே திருநீறு! அவர்களும் தங்கள் தோட்டத்து மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். ஆட்டம் முடிந்தபோது நாங்கள் ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றிருந்தோம்.

வேனில் ஏறும்போது ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். கண்கள் கலங்கியிருந்தன.

"டீச்சர், நம்மளும் ஆத்தாவக் கும்புட்டோம். அவங்களும் கும்புட்டாங்க. சாமி ஏன் டீச்சர் அவங்க பக்கம் போயிருச்சு?"

"தண்ணியக் குடிச்சிட்டு உள்ள ஏறி உக்காருப்பா" என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். ஆனால், அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பையன் கேட்ட கேள்வி, நானும் என் அப்பாவும் ஆண்டுக் கணக்கில் சண்டை போட்ட கேள்வி.

அப்பா பால்மரம் சீவியவர். இளவயதில் தோட்டக் குழுவின் கோல்காவலர். 1972ஆம் ஆண்டு இங்கிலாந்தில் லீட்ஸ் யுனைடெட் குழு ஆர்சனலை 1-0 என வென்று எஃப்.ஏ. கிண்ணத்தைத் தூக்கியது. அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்த நாள் முதல் அவர் லீட்ஸ் குழுவின் ரசிகர். காரணம் கேட்டால் சிரிப்பார். "மேலேயிருந்து கீழே வரைக்கும் வெள்ளை உடுப்பும்மா. எங்க சட்டையில ஒட்டுப்பால் கறை போகவே போகாது. அவங்க சேத்துல விழுந்து எந்திரிச்சாலும் வெள்ளையாவே தெரிஞ்சாங்க!" என்பார். இதெல்லாம் ஒரு காரணமா என்று கேட்காதீர்கள். நம்மில் எத்தனை பேர் காரணம் சொல்லி அன்பு வைக்கிறோம்?

பந்து விளையாட்டில் நாட்டமில்லாத சகோதரிகளுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்துக் காற்பந்தில் பிரிவுகள் படிக்கட்டுப் போல அமைந்தவை. உச்சியில் இருப்பது பிரிமியர் லீக். அதற்கு அடுத்த படியில் 24 குழுக்கள். ஒவ்வொரு குழுவும் ஆகஸ்டு முதல் மே வரை 46 ஆட்டங்கள் ஆடவேண்டும். முதல் இரண்டு இடங்களைப் பிடிப்பவை நேரே மேலே போகும். அப்பா பார்த்த காலத்தில், மூன்று முதல் ஆறு வரையிலான இடத்தில் வந்த நான்கு குழுக்கள் தமக்குள் மோதி, அவற்றில் ஒன்று மட்டும் மேலே போகும். மேலே போனால் பேரும் பணமும் கொட்டும். தவறினால் மறுபடியும் 46 ஆட்டங்கள். நம் பிள்ளைகள் தேர்வு எழுதுவது போலத்தான்; ஆனால், வகுப்பில் இரண்டு மூன்று பேருக்கு மட்டுமே தேர்ச்சி!

லீட்ஸ் 1990இல் இரண்டாம் பிரிவிலிருந்து மேலேறியபோது எனக்குப் பதினொரு வயது. அப்பா லண்டன் வானொலியைக் காதோடு ஒட்டிவைத்துக் கொண்டு முடிவுகளைக் கேட்பார். இரைச்சலுக்கு நடுவே லீட்ஸ் என்ற பெயர் வந்ததும் கையை உயர்த்துவார். வீடே மூச்சுவிடக் கூடாது! 1992இல் அந்தக் குழு நாட்டின் வெற்றியாளர் ஆனது. பிறகு கடன் பெருகி, நல்ல ஆட்டக்காரர்களை விற்று, 2004இல் கீழே இறங்கியது. 2007இல் மூன்றாம் படிக்கும் சரிந்தது. 2010இல் ஒரு படி ஏறி, அங்கேயே நின்றுவிட்டது.

இந்தக் காலத்தில் எங்கள் தோட்டமும் மாறியது. பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டார்கள். இளையவர்கள் பட்டணத்துக்குப் போனார்கள். லயத்து வீடுகளில் விளக்கு எரிவது குறைந்தது. அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அவரோடு பந்தாடியவர்கள் ஒவ்வொருவராகக் கண்மூடினார்கள். லீட்ஸ் மட்டும் அவரோடு இருந்தது.

2019ஆம் ஆண்டு மே மாதம் லீட்ஸ் மேலேறும் வாய்ப்பைக் கடைசிக் கட்டத்தில் டார்பி கவுண்டியிடம் தோற்றுக் கோட்டை விட்டது. மறுநாள் காலையில் பசியாறும்போது அப்பா அமைதியாகச் சொன்னார்:

"அடுத்த வருசம் லீட்ஸ் மேல போச்சுன்னா பத்துமலைக்குப் பால்குடம் எடுக்கிறதா முருகன்கிட்ட நேந்துக்கிட்டேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்னப்பா இது? பிள்ளை இல்லாதவங்க பிள்ளை கேட்டு நேந்துக்கிறாங்க. நோயாளி உயிர் கேட்டு நேந்துக்கிறாங்க. நீங்க பந்துக்கு நேந்துக்கிறீங்களே, சாமியக் கேலி பண்ற மாதிரி இல்ல?" என்று கேட்டுவிட்டேன். படித்த பெண் அல்லவா, வாய் நீளும்! அதோடு விடாமல், நான் படித்த ஒரு கதையையும் எடுத்து விட்டேன்.

அது உண்மைக் கதை. லீட்ஸ் குழுவைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோன நிர்வாகி டான் ரெவி 1961 முதல் 1974 வரை பொறுப்பில் இருந்தவர். திட்டம் வகுப்பதில் கெட்டிக்காரர். அவ்வளவு கெட்டிக்காரர், ராசி என்று ஒரே நீலநிறக் கோட்டைத் திரும்பத் திரும்ப அணிந்தார். எல்லண்ட் ரோடு அரங்கம் இருக்கும் நிலத்தில் முன்பு தங்கியிருந்த நாடோடிகள் விட்ட சாபம்தான் கிண்ணங்களைத் தட்டிப் பறிக்கிறது என்று நம்பி, குறி சொல்லும் ஒரு பெண்மணியை வரவழைத்துச் சாபத்தை நீக்கச் சொன்னார். பிறகு 1972இல் கிண்ணம் கிடைத்தது. ஆனால், 1973இல் அதே இறுதியாட்டத்தில் இரண்டாம் பிரிவுக் குழுவான சண்டர்லாந்திடம் லீட்ஸ் தோற்றது. "சாபம் போச்சுன்னா அப்புறம் ஏன்பா தோத்தாங்க?" என்று கேட்டேன். வாதத்தில் வென்றுவிட்ட பெருமை எனக்கு.

அப்பா கோப்பியைக் குடித்து முடித்தார். "சாமி வந்து கோல் போடும்னு நான் நெனைக்கலம்மா. அந்த அளவுக்கு மடையன் இல்ல. இந்த வயசுல காலையில எந்திரிச்சா எதிர்பாக்கிறதுக்கு ஒண்ணு வேணும். அத ஒருத்தர்கிட்டச் சொல்லி வைக்கணும். ஒங்கிட்டச் சொன்னா நீ சண்டைக்கு வர்ற. முருகன் சும்மா கேட்டுக்கிறாரு" என்றார்.

நான் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2020 பிறந்தது. லீட்ஸ் பட்டியலின் முதலிடத்தில் இருந்தபோது உலகமே முடங்கியது. மார்ச் 18 முதல் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. இங்கிலாந்தில் பந்தாட்டம் நின்றது. பள்ளி மூடியிருந்தது, கோயில் மூடியிருந்தது. அப்பா தினமும் என் கைப்பேசியைப் பார்த்து, "எப்பம்மா தொடங்குவாங்க?" என்று கேட்பார். ஜூன் மாதம் ஆளில்லாத அரங்கங்களில் ஆட்டங்கள் தொடர்ந்தன. ஜூலை 17ஆம் தேதி வெஸ்ட் புரோம் குழு தோற்றதும் லீட்ஸ் மேலேறுவது உறுதியானது. பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு! நமக்கு அப்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. அப்பா கூச்சல் போடவில்லை. எழுந்துபோய் முகம் கழுவி, சாமி விளக்கை ஏற்றினார்.

நேர்த்தியைச் செலுத்த 2021 தைப்பூசத்துக்குக் காத்திருந்தார். அதுவும் முடியவில்லை. ஜனவரி 28ஆம் தேதி, பத்துமலை பக்தர்களுக்கு மூடப்பட்டிருந்தது. அன்று காலை குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, வீட்டு முருகன் படத்துக்கு முன் ஒரு சிறு கிண்ணத்தில் பால் வைத்தார். "இது வட்டிதான் சாமி. மொதலு அடுத்த வருசம்" என்றார். அம்மாவும் நானும் சிரித்தோம்.

அந்த அடுத்த வருடத்தை அவர் பார்க்கவில்லை.

2021 செப்டம்பரில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. மருத்துவமனை வாசலைத் தாண்டி உள்ளே போக எங்களுக்கு அனுமதியில்லாத காலம். வெளியே கார் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். வாசகர்களே, அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? அப்பாவைக் கேலி செய்த இதே நான், "முருகா, அப்பா பிழைத்து வந்தால் முடி காணிக்கை கொடுக்கிறேன்" என்று நேர்ந்துகொண்டேன். பேரம்தான், வேறென்ன? பத்தாம் நாள் அப்பா போய்விட்டார்.

பந்துக்கு அவர் வைத்த வேண்டுதல் பலித்தது. உயிருக்கு நான் வைத்த வேண்டுதல் பலிக்கவில்லை. இந்தக் கணக்கை எப்படிப் போட்டாலும் எனக்கு விடை வரவில்லை. ஒரு மாதம் வரை சாமி விளக்கை அம்மாதான் ஏற்றினார். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

2022 தைப்பூசம் நெருங்கியது. கட்டுப்பாடுகளோடு பால்குடத்துக்கு அனுமதி கிடைத்தது. அம்மா சொன்னார்: "அது உங்கப்பா கடன்மா. கடன் நிக்கக் கூடாது." அம்மாவுக்காகத்தான் குடத்தை எடுத்தேன். மனத்தில் பக்தி இருந்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். 272 படிகள். பாதியில் மூச்சு வாங்கியது. அப்போதுதான் கவனித்தேன், நான் சாமியிடம் எதுவுமே கேட்காமல் ஏறிக்கொண்டிருந்தேன். லீட்ஸ் ஜெயித்தாகிவிட்டது, அப்பா போயாகிவிட்டார், இனி கேட்க என்ன இருக்கிறது? குடம் மட்டும் தலையில் இருந்தது. முன்னால் ஒரு வயதான அம்மாள், பின்னால் ஓர் இளைஞன், எல்லாரும் அவரவர் சுமையோடு. மேலே போய்ப் பாலைக் கொடுத்ததும் அழுகை வந்தது. பல மாதமாக வராத அழுகை. இறங்கும்போது நெஞ்சு லேசாக இருந்தது. அப்பா சொன்ன 'சும்மா கேட்டுக்கிறாரு' என்பதன் பொருள் அன்றுதான் எனக்குப் புரிந்தது.

மறு ஆண்டே, 2023 மே மாதத்தில், லீட்ஸ் மறுபடியும் கீழே இறங்கியது. தோட்டத்துக் கடைக்கார மாமா விடுவாரா? "என்ன டீச்சர், உங்கப்பா பால்குடத்துக்கு மூணு வருசந்தான் கேரண்டியா?" என்றார். முன்பென்றால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அன்று சிரித்துவிட்டேன்.

இந்தக் காலத்தில் மதம் எதற்கு என்று கேட்கிறவர்கள் அதிகம். என் பழைய மாணவர்களே கேட்கிறார்கள். இங்கிலாந்தைப் பாருங்கள் என்பார்கள். உண்மைதான். 2021 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தம்மைக் கிறிஸ்துவர் என்று சொன்னவர்கள் 46.2 விழுக்காடு, பாதிக்கும் கீழே இறங்கியது அதுவே முதல் முறை. எந்த மதமும் இல்லை என்றவர்கள் 37.2 விழுக்காடு. ஆனால், அந்நாட்டுக் காற்பந்துக் குழுக்கள் பலவும் தேவாலயத்தில் பிறந்தவை என்பதை நம் இளைஞர்கள் அறிவார்களா? எவர்ட்டன் 1878இல் ஒரு மெதடிஸ்ட் தேவாலயத்துப் பிள்ளைகள் தொடங்கிய குழு. சவுத்ஹாம்டன் 1885இல் செயிண்ட் மேரி தேவாலயத்து இளைஞர்கள் தொடங்கியது. அதனால்தான் அக்குழுவை இன்றும் 'புனிதர்கள்' என்று அழைக்கிறார்கள்.

வேடிக்கையைக் கேளுங்கள். 2024 மே மாதம் மேலேறுவதற்கான இறுதியாட்டத்தில் லீட்ஸ் மோதியது இந்தப் 'புனிதர்களோடு'தான். லீட்ஸ் 0-1 எனத் தோற்றது. அப்பா இருந்திருந்தால், "சாபம் வாங்குன குழுவும் சாமி குழுவும் மோதுனா வேற என்ன நடக்கும்?" என்று கேட்டுச் சிரித்திருப்பார்.

ஆனால், மதத்தின் பயன் வெற்றிப் பட்டியலில் தெரியாது என்பதற்கு வேறு இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்வேன். 2021 ஏப்ரல், நோன்பு மாதம். லெஸ்டர் குழுவும் கிறிஸ்டல் பேலஸ் குழுவும் ஆடிக்கொண்டிருந்தபோது சூரியன் மறைந்தது. பேலஸ் கோல்காவலர் பந்தை உதைக்காமல் சற்று நிறுத்தி வைத்தார். லெஸ்டரின் வெஸ்லி ஃபொஃபானா திடலோரம் சென்று நோன்பு திறந்தார். நேரம் கொடுத்தது எதிர்க் குழு என்பதைக் கவனியுங்கள். 2022 மே மாதம், பிளாக்பர்ன் ரோவர்ஸ் குழு தன் திடலிலேயே நோன்புப் பெருநாள் தொழுகை நடத்த இடம் கொடுத்தது. இங்கிலாந்து லீக் குழு ஒன்று அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. இவற்றால் எந்தக் குழுவுக்கும் ஒரு புள்ளிகூடக் கூடவில்லை. மனிதருக்கு மனிதர் மரியாதை கூடியது. ஆர். ஆறுமுகமும், மொக்தார் டஹாரியும், சந்தோக் சிங்கும், சோ சின் ஆனும் ஒரே சட்டை அணிந்து ஆடியதைக் கண்டு வளர்ந்த நம் நாட்டுப் பெரியவர்களுக்கு இதை நான் விளக்கவும் வேண்டுமா?

2025 ஏப்ரல் 21, ஈஸ்டர் திங்கள். லீட்ஸ் 6-0 என்ற கணக்கில் ஸ்டோக் குழுவை வென்றது. அடுத்து நடந்த ஆட்டத்தில் பெர்ன்லி குழு ஷெஃபீல்டு யுனைடெட்டைத் தோற்கடித்ததும், லீட்ஸ் மறுபடியும் மேலேறியது உறுதியானது. 100 புள்ளிகளோடு அப்பருவத்தின் முதலிடமும் கிடைத்தது. பெர்ன்லிக்கும் அதே 100 புள்ளிகள்தான். கோல் வித்தியாசம் லீட்ஸ் பக்கம் இருந்தது. இம்முறை எங்கள் வீட்டில் யாரும் நேர்ந்துகொள்ளவில்லை. விளக்கை மட்டும் ஏற்றினேன், அப்பா செய்தது போல.

இப்போது அந்தப் பையனுக்கு வருகிறேன். அவன் கேள்விக்கு மறுநாள் மாலை, பயிற்சி முடிந்த பிறகு, பிள்ளைகளைத் திடலோரம் உட்காரவைத்து என்னால் ஆன பதிலைச் சொன்னேன்.

"சாமி யாரு பக்கமும் போகலப்பா. கோல் போடுறது உங்க கால் வேலை. பயிற்சி போதலன்னா தோக்கத்தான் செய்வோம். அதுக்குச் சாமியக் கூப்பிடாதீங்க. பயந்தா பயத்தச் சொல்லுங்க. கோபம் வந்தா கோபத்தச் சொல்லுங்க. அடுத்தவனக் கீழ தள்ளிவிடாம ஆடுறதுக்குப் புத்தி கேளுங்க. தோத்தாலும் நாளைக்குத் திடலுக்கு வர மனசு கேளுங்க. அது மட்டும் கட்டாயம் கெடைக்கும்."

இதையே கார் நிறுத்துமிடத்தில் அழுதுகொண்டிருந்த எனக்கும் யாராவது சொல்லியிருக்கலாம். சொன்னாலும் அன்று கேட்டிருப்பேனா, தெரியவில்லை.

பையன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப இனிமே தேங்கா ஒடைக்க வேணாமா டீச்சர்?" என்றான். அவன் கவலை அவனுக்கு. தேங்காய்ச் சில்லு தின்பதில் குழுவிலேயே முதல் ஆள் அவன்தான்.

"தாராளமா ஒடைக்கலாம். ஆனா அவங்களுக்கும் ஒரு சில்லு கொண்டுபோய்க் குடுக்கணும்" என்றேன்.

அடுத்த நட்புமுறை ஆட்டத்துக்குப் போனபோது ஒரு பிளாஸ்டிக் பை நிறையத் தேங்காய்ச் சில்லு எங்களோடு வந்தது. எதிர்க் குழுவுக்குக் கொடுத்தோம். அவர்கள் கொண்டு வந்த சுண்டலை எங்களுக்குக் கொடுத்தார்கள். அன்றும் நாங்கள் தோற்றுத்தான் வந்தோம். ஆனால், வேனில் யாரும் அழவில்லை. "டீச்சர், நாளைக்கு எத்தன மணிக்குப் பயிற்சி?" என்றுதான் கேட்டான் அவன்.